வடக்கு வாசலுக்கு ஒரு நகல்

சிங்கப்பூரில் எனக்கு முதல் பொறாமை விமான நிலையத்துக் கழிப்பறையில் வந்தது. கை கழுவிவிட்டுத் திரும்பினால் சுவரில் ஒரு சின்னத் திரை. சிரித்த முகத்திலிருந்து அழுத முகம் வரை ஐந்து பொம்மைகளைப் போட்டு, இந்த இடம் எப்படி இருக்கிறது என்று கேட்டது. நான் முப்பத்தோரு வருடம் தாலுகா அலுவலகத்தில் வேலை பார்த்தவன். எங்கள் அலுவலகக் கழிப்பறையைப் பற்றி யாரும் யாரிடமும் கருத்துக் கேட்டதில்லை. கேட்டிருந்தால் ஐந்து பொம்மை போதாது. எரிச்சலில் நடுப் பொம்மையை அழுத்திவிட்டு வெளியே வந்தேன்.

எங்கள் அலுவலகம் சாதாரணக் கட்டிடம் இல்லை, கோட்டை. நாயக்கர் காலத்துக்கும் முந்தியது என்பார்கள். பாளையத்து ராஜா ஒருவர் அதில் இருந்து ஆண்டார். பிறகு நவாபின் ஆட்கள் வந்தார்கள். அவர்களுக்குப் பின் வந்த கும்பினிக்காரன் அரண்மனைக்குள் கஜானாவை வைத்தான். கும்பினி போய் சர்க்கார் வந்தது, சர்க்கார் போய் நம் அரசு வந்தது. ஆட்கள்தான் மாறினார்கள், அதிகாரம் அந்த நான்கு சுவருக்குள்ளேயே இருந்தது. ராஜா கொலுவிருந்த மண்டபம் எங்கள் பதிவறை. குதிரை லாயம் நில அளவைப் பிரிவு. ராணி குளித்த இடத்தில் தேர்தல் பெட்டிகளை அடுக்கியிருந்தோம். பதிவறை என் பொறுப்பு. அங்கே தரையில் கிடந்த உடைந்த யாளிக் காது ஒன்றைத்தான், காற்றில் காகிதம் பறக்காமலிருக்க, இருபது வருடம் மேசையில் வைத்திருந்தேன்.

நான் ஓய்வு பெற்ற இரண்டாம் வருடம் அலுவலகம் புதுக் கட்டிடத்துக்குப் போய்விட்டது. காலியான கோட்டைக்குள் வண்டிகள் நிறுத்தப் போகிறார்களாம். லாரி நுழைவதற்காக வடக்கு வாசலை இடித்து அகலமாக்க வேண்டும் என்று திட்டம் போட்டார்கள். அது பழைய வாசலே இல்லை, அலுவலகத்தார் பிற்காலத்தில் உடைத்த ஓட்டை என்று பொறியாளர் குறிப்பு எழுதிவிட்டார். வெளியிலிருந்து பார்த்தால் அப்படித்தான் தெரியும். பதினைந்து வருடங்களுக்கு முன் அதன் கல் வளைவில் விரிசல் கண்டபோது, கீழே கான்கிரீட் உத்தரம் கொடுத்து, வளைவை மூடிப் பூசி, மேலே மஞ்சள் சுண்ணாம்பும் அடித்துவிட்டார்கள். பூச்சை உடைத்துப் பார்த்தால் வளைவு தெரியும் என்று கோட்டாட்சியரிடம் போய்ச் சொன்னேன். உடைக்க அனுமதி வேண்டும், அனுமதிக்கு ஆதாரம் வேண்டும், பதினைந்து நாள் தருகிறேன் என்றார். நானும் இதே வாயால் எத்தனையோ பேரிடம் அதே பதிலைச் சொன்னவன்தான்.

ஆதாரம் ஒன்றே ஒன்றுதான் எனக்குத் தெரிந்து உண்டு. என் பள்ளித் தோழன் ஹாஜா மைதீனின் வாப்பா, கப்பலேறிச் சிங்கப்பூர் போன அன்று அந்த வளைவின் கீழே நின்று எடுத்துக்கொண்ட புகைப்படம். ஹாஜா வீட்டுக் கூடத்தில் அது மாட்டியிருந்ததை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். பின்னால் ஹாஜாவும் சிங்கப்பூர் போய், அந்த நாட்டுக் குடிமகனாகி, ஊரிலிருந்த வீட்டையும் விற்றுவிட்டான். படம் அவனிடம் இருக்க வேண்டும்.

இதில் ஒரு வில்லங்கம். வளைவைப் பூசி மூடப் போகிறார்கள் என்று தெரிந்ததும் ஹாஜா சிங்கப்பூரிலிருந்து எங்கள் அலுவலகத்துக்கு ஒரு மனு அனுப்பினான். மூடாதீர்கள், இது பழைய வாசல், இதோ படம் என்று எழுதியிருந்தான். அந்த மனு என் மேசைக்கு வந்தது. பத்தாம் வகுப்பில் என் விடைத்தாளைப் பார்த்து எழுதித் தேறியவன், வெளிநாட்டில் உட்கார்ந்துகொண்டு என் கோட்டைக்கு எனக்கே யோசனை சொல்கிறானே என்று வயிறு எரிந்தது. அதிகாரியிடம் பேசக்கூட இல்லை. மேல் நடவடிக்கை தேவையில்லை என்று பதில் எழுதி, கட்டோடு கட்டாகக் கையெழுத்துக்கு வைத்தேன். அவர் படிக்காமல் போட்டார். ஓராண்டில் அழிக்க வேண்டிய கோப்புகளின் பட்டியலில் அந்த மனுவைச் சேர்த்தேன், ஓராண்டில் அழித்தும் விட்டேன். இணைத்திருந்த படம் நகலாகத்தான் இருக்கும் என்று நினைத்தேன். மனுவோடு எவனாவது அசலை வைப்பானா?

ஆகவே, "சும்மா ஊர் பார்க்க வர்றேன்டா" என்று தொலைபேசியில் சொல்லிவிட்டு வந்து இறங்கினேன். அவன் வீட்டில் தங்கச் சொன்னதற்கு மறுத்துவிட்டு, லிட்டில் இந்தியாவில் ஒரு சின்ன விடுதியில் அறை எடுத்துக்கொண்டேன். குற்றமுள்ள நெஞ்சு அவன் வீட்டு மெத்தையில் தூங்காது.

முதல் நாள் வெள்ளிக்கிழமை. சிராங்கூன் சாலையில் காலை எட்டு மணிக்கு மல்லிகைப்பூ மணந்தது. எங்கள் ஊர்க் கடைத்தெருவின் வாசனை அத்தனையும் இருந்தது, சாக்கடையைத் தவிர. இட்லி என் வீட்டு இட்லியைவிட மெத்தென்று இருந்தது. அதை மனைவியிடம் சொல்லப் போவதில்லை. தேக்கா சந்தையில் சர்க்கரை இல்லாமல் தேநீர் கேட்டேன். கடைக்காரர் டின் பாலை ஊற்றிக் கலக்கிக் கொடுத்தார். ஒரு வாய் குடித்ததும் என் சர்க்கரை நோய் நிமிர்ந்து உட்கார்ந்தது.

"சர்க்கரை வேணாம்னேனே!"

"சர்க்கரை போடலண்ணே. அது பாலோட இனிப்பு. இனிப்பே வேணாம்னா 'தே சி கொசொங்'னு கேக்கணும் லா."

'லா' இந்த ஊர்ப் பேச்சின் வால். அதை மட்டும் விட்டுவிட்டு அடுத்த தடவை அப்படியே கேட்டேன். சரியாக வந்தது. இந்த ஊரில் வேண்டாம் என்று சொல்வதற்குக்கூட ஒரு முறை வைத்திருக்கிறார்கள் என்று அதற்கும் கொஞ்சம் புழுங்கினேன்.

சனிக்கிழமை காலை ஹாஜா என்னை ஃபோர்ட் கேனிங் குன்றுக்கு வரச் சொன்னான். துறைமுகத்தில் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவன், இப்போது சனிக்கிழமைதோறும் அங்கே வருகிறவர்களுக்குச் சரித்திரம் சொல்கிறான். சம்பளம் கிடையாது. கோட்டை என்றதும் மூச்சு வாங்க ஏறத் தயாராகப் பழைய செருப்பைப் போட்டுக்கொண்டு போனேன். குன்றின் மேலே போவதற்கு நகரும் படிக்கட்டு வைத்திருந்தார்கள். அசையாமல் நின்றபடி ஒரு கோட்டைக்கு ஏறியது என் வாழ்நாளில் அதுதான் முதல் தடவை.

மேலே ஹாஜா வெள்ளைத் தொப்பியும் கழுத்தில் அட்டையுமாக நின்றான். அறுபது வயது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். என் தொப்பையைப் பார்த்துவிட்டுக் கட்டிப்பிடித்தான். சுற்றிலும் பதினைந்து பேர் இருந்தார்கள். தமிழ், ஆங்கிலம், நடுநடுவே மலாய் என்று மாற்றி மாற்றிப் பேசினான்.

"இந்த மலைக்கு மலாய்ல புக்கிட் லாராங்கான்னு பேரு. ஏறக் கூடாத மலை. பதினாலாம் நூற்றாண்டுல இங்கதான் ராஜாவோட அரண்மனை. சாதாரண ஆளு கால் வைக்க முடியாது. ரொம்ப நாள் கழிச்சு வெள்ளைக்காரன் வந்தான். கீழ எவ்வளவோ எடம் கெடக்கு, ஆனா இங்க வந்து வீடு கட்டினான். ஏன்? ராஜா இருந்த எடத்துல உக்காந்தாத்தான் ஊரு பேச்சைக் கேக்கும் லா! மரச்சுவரு, மேல ஓலைக் கூரை, அதுதான் கவர்னர் மாளிகை."

"அப்புறம்?" என்று ஒருவர் கேட்டார்.

"அப்புறம் மாளிகையை இடிச்சிட்டு கோட்டை கட்டினாங்க. கோட்டையால பெரிய பிரயோஜனம் இல்ல, அதையும் இடிச்சாங்க. வாங்க, மிச்சத்தைக் காட்டுறேன்."

மிச்சம் என்பது ஒரு வாசல். கனத்த மரக்கதவு, இரண்டு பக்கமும் கொஞ்சம் சுவர், அவ்வளவுதான். வாசலுக்கு அந்தப் பக்கமும் புல்வெளி, இந்தப் பக்கமும் புல்வெளி. ஒரு சீனத் தம்பதி கல்யாண உடையில் அதன் கீழே நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். இவர்களிடம் வாசல் இருக்கிறது, கோட்டை இல்லை. எங்களிடம் முழுக் கோட்டை இருக்கிறது, வாசல் இன்னும் பத்து நாளில் போகப் போகிறது. அந்தக் கதவில் கை வைத்தேன். கீலுக்குக்கூட எண்ணெய் போட்டிருந்தார்கள். கதவை விட்டு நகராமல் நின்றேன். அது ரசனையால் என்று நினைத்து ஒரு பெண் என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

அதோடு ஹாஜா விட்டானா? மண்ணைத் தோண்டிய இடத்தைக் காட்டினான். பானை ஓடு, கண்ணாடித் துண்டு எல்லாவற்றுக்கும் விளக்கு, விளக்கம். என் மேசையில் கிடந்த யாளிக் காது இந்த ஊரில் பிறந்திருந்தால் அதற்குத் தனி அறை கிடைத்திருக்கும். பிறகு, பூமிக்கடியில் பதுங்கு அறை ஒன்று இருப்பதைச் சொன்னான். இரண்டாம் உலகப் போரில் சரணடைவது என்று வெள்ளைக்காரத் தளபதிகள் அங்கேதான் முடிவெடுத்தார்களாம். தோற்ற இடத்தைக்கூடத் துடைத்து வைத்திருக்கிறார்கள்.

எனக்கு முன்னால் நின்ற சீனப் பெண்மணி தன் தோழியிடம் ஆங்கிலத்தில் கிசுகிசுத்தார்: "இவர் சொல்றதைக் கேட்டா அந்த ராஜா நம்ம பிளாக்ல மூணாவது மாடியில குடியிருந்த மாதிரி இருக்கு."

என்னால் பொறுக்க முடியவில்லை. "எங்க ஊர்ல முழுக் கோட்டையே இருக்கு. ராஜா மண்டபத்துலதான் நான் வேலை பார்த்தேன்" என்று உரக்கச் சொன்னேன். பதினைந்து தலையும் திரும்பின. வந்து பார்க்கலாமா, எங்களுக்குச் சுற்றிக்காட்ட ஆட்கள் இருக்கிறார்களா என்று ஒரு இளைஞர் ஆர்வமாகக் கேட்டார். லாரி நிற்கப் போகிற இடத்தை எப்படிச் சுற்றிக்காட்டுவது?

ஹாஜா என் தோளில் கை போட்டான். "இவன் என் கிளாஸ்மேட். அந்தக் கோட்டையோட ரிக்கார்டு அத்தனையும் பத்திரமா பாத்துக்கிட்டவன் இவன்தான்."

எல்லாரும் கை தட்டினார்கள். படத்தைப் பற்றி அங்கேயே கேட்டிருக்கலாம். அந்தக் கைதட்டலுக்குப் பிறகு எப்படிக் கேட்பது? மறுநாள் மதியச் சாப்பாட்டுக்கு வரச் சொன்னான். அங்கே கேட்டுக்கொள்ளலாம் என்று தள்ளிப் போட்டேன்.

அவன் வீடு புக்கிட் மேராவில். இறங்க வேண்டிய ரயில் நிலையத்துக்குப் பெயர் ரெட்ஹில். வந்து அழைத்துப் போகிறேன் என்றவனிடம், "முப்பத்தோரு வருஷம் சர்வீஸ் போட்டவனுக்கு ஒரு ரயில் ஏறத் தெரியாதா?" என்று சொல்லியிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை பூகிஸ் நிலையத்தில் ரயில் மாறி ஏறி உட்கார்ந்தேன். குளிர் காற்று, சத்தமில்லாத ஓட்டம். எங்கள் ஊர்ப் பயணிகள் ரயிலை நினைத்துப் பொறாமைப்பட்டுக்கொண்டே போனதில் நிலையங்களை எண்ணவில்லை. வெகுநேரம் கழித்துப் பக்கத்திலிருந்த தமிழ்ப் பெண்ணிடம் ரெட்ஹில் எப்போது வரும் என்று கேட்டேன்.

"அய்யோ அங்கிள், wrong direction. இது பிடோக். நீங்க இறங்கி ஆப்போசிட் பிளாட்பார்ம்ல ஏறணும். It's okay, நானும் இங்கதான் எறங்குறேன், காட்டுறேன்."

அந்தப் பெண் என்னை எதிர்ப்பக்கம் கொண்டுபோய் நிறுத்தி, ரயில் வரும்வரை நின்று, ஏற்றிவிட்டே போனாள். ஒன்றேகால் மணி நேரம் தாமதம். ரெட்ஹில்லில் ஹாஜா குடையோடு நின்றிருந்தான். எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூடப் பரவாயில்லை.

ஒன்பதாம் மாடியில் வீடு. நடைபாதையெங்கும் பூந்தொட்டிகள். அவன் மனைவி சபியா பிரியாணியும் தாளிச்சாவும் செய்திருந்தார்.

"அண்ணே, நேத்தே வந்திருக்கலாம்ல? வீடு இருக்கப்ப ஹோட்டல்ல தங்குனா எங்களுக்குத்தான் அசிங்கம்" என்று சொல்லிக்கொண்டே கறியாகப் பார்த்து வைத்தார்.

"அதுக்கில்லம்மா" என்று ஆரம்பித்து முடிக்கத் தெரியாமல் சாப்பிட்டேன். கண் சுவர்களைத் துழாவியது. காபாவின் படம், பேத்தியின் பட்டமளிப்புப் படம், கடிகாரம். வாப்பாவின் படம் இல்லை.

கை கழுவிவிட்டு வந்து ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொன்னேன். வாசல், லாரி, பொறியாளர், கோட்டாட்சியர், பதினைந்து நாளில் மிச்சமிருக்கும் ஒன்பது நாள். "அந்தப் படத்துக்காகத்தான்டா வந்தேன். ஊர் பார்க்க இல்ல."

ஹாஜா தண்ணீர்க் குவளையைக் கீழே வைத்தான். "அது ஏங்கிட்ட இல்லயேடா. உங்க ஆபீஸுக்கு அனுப்பிட்டேனே."

"நீ அனுப்பினது நகல்தானே?"

"இல்லடா. ஒரிஜினல்."

எனக்குக் கோபம்தான் முதலில் வந்தது. "எவன்டா ஒரிஜினலை அனுப்புவான்? மனுன்னா நகல் வைக்கணும்னு தெரியாதா?"

"கவர்மெண்ட் ஆபீஸுக்கு அனுப்பினா வீட்டைவிடப் பத்திரமா இருக்கும்னு நெனச்சேன். இங்க அப்படித்தான் லா. பாத்துட்டுத் திருப்பி அனுப்புவாங்கன்னு இருந்தேன். வாப்பாவோட ஒரே போட்டோ அது."

சபியா சமையலறையில் குழாயை மூடினார். ஹாஜா உள்ளே போய் ஒரு பிளாஸ்டிக் உறையோடு வந்தான். உறைக்குள் எங்கள் அலுவலகக் கடிதம். அன்று மின்சாரம் இல்லாததால் கணினியில் அடிக்காமல் கையால் எழுதியிருந்தேன். 'பார்வையில் காணும் தங்கள் மனுவும், அதனுடன் இணைக்கப்பட்ட கோட்டை வடக்கு வாசல் கல் வளைவின் புகைப்படம் ஒன்றும் வரப்பெற்றன. மேல் நடவடிக்கை ஏதும் தேவையில்லை என்பதால் மனு முடிக்கப்படுகிறது.' கீழே அதிகாரியின் கிறுக்கலும் அலுவலக முத்திரையும். மேலே எழுத்தெல்லாம் என்னுடையது.

பொய் சொல்ல இடமிருந்தது. யாரோ ஒரு எழுத்தர் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். பிரியாணி இன்னும் கையில் மணந்தது. "ஹாஜா, இதை எழுதினது நான்தான்டா. படத்தையும் நான்தான் அழிச்சேன்."

"தெரியும்."

"எப்படி?"

"பத்தாங்கிளாஸ் வரைக்கும் உன் பேப்பரைப் பாத்துத்தானடா எழுதினேன்? உன் எழுத்து எனக்குத் தெரியாதா? கவரைப் பிரிச்ச அன்னிக்கே தெரியும்."

பதினைந்து வருடம். இடையில் அவன் நான்கு முறை ஊருக்கு வந்தான். என் மகள் கல்யாணத்தில் பந்தி பரிமாறினான். "ஏன்டா ஒரு வார்த்தை கேக்கல?"

"கேட்டா நீ பொய் சொல்லுவ. அதுக்கப்புறம் உன் வீட்டுக்கு வர முடியாது. வாப்பா இல்ல, வீடு இல்ல. ஊர்ல எனக்கு வேற யாரு இருக்கா, சொல்லு?"

நான் வெட்கத்தில் அழுதேன். ஒன்பதாம் மாடியில், தட்டு எடுக்க வந்த சபியாவின் முன்னால். அவர் தட்டை எடுக்காமல் திரும்பிப் போனார். எனக்கு அப்போதும் அவன்மேல் பொறாமையாக இருந்தது. இவ்வளவு தெரிந்தும் என்னோடு சிரித்துப் பேச அவனால் முடிந்ததே, என்னால் முடிந்திருக்குமா?

அழுது முடித்துக் கடிதத்தை மறுபடியும் படித்தபோதுதான் அந்த வரி கண்ணில் பட்டது. 'வடக்கு வாசல் கல் வளைவின் புகைப்படம் ஒன்றும் வரப்பெற்றன.' வந்த இணைப்பை எண்ணிக் குறிப்பிடாமல் ஒரு கடிதமும் எழுத மாட்டேன். அது எங்கள் அலுவலகப் பழக்கம். எரிச்சலில் எழுதிய கடிதத்திலும் கை தானாக எழுதியிருக்கிறது. அங்கே கல் வளைவு இருந்தது என்று அரசாங்கமே முத்திரை போட்டு ஒப்புக்கொண்ட காகிதம் இது. பூச்சை உடைத்துப் பார்க்க அனுமதி வாங்க இது போதும். கூடவே, இதை எழுதியவன் நான்தான், படத்தையும் பார்த்தேன் என்று நான் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும். கோட்டாட்சியர் அலுவலகத்தில் பாதிப் பேர் என்னிடம் வேலை பழகியவர்கள். அவர்கள் முன்னால் போய் நிற்க வேண்டும்.

"இதை எனக்குக் குடுடா" என்று கையை நீட்டினேன்.

ஹாஜா உறையை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டான். "ஒரிஜினல் குடுக்க மாட்டேன். ஒரு தடவை குடுத்துப் பட்டுட்டேன். காப்பி எடுத்துக்க."

திங்கட்கிழமை காலை சிராங்கூன் சாலைப் பக்கம் ஒரு நகல் கடைக்குப் போனோம். கடிதத்தை என் கையில் தரவே இல்லை. அவனே உறையிலிருந்து எடுத்து, அவனே கண்ணாடியில் வைத்து, மூன்று நகல் எடுத்து, அவனே உறையில் போட்டான். கடிதத்தில் ஒரு மடிப்பு இல்லை, ஒரு கறை இல்லை. பதிவறையில் முப்பத்தோரு வருடம் இருந்த என்னிடம் இப்படி ஒரு காகிதம் இருந்ததில்லை.

பக்கத்துத் தேநீர்க் கடையில் 'தே சி கொசொங்' சொல்லிவிட்டு வாக்குமூலத்தை எழுதினேன். 'மேற்படி மனுவை முடித்து வைத்தவனும், இணைப்புப் புகைப்படத்தை அழித்தவனும் நானே. அப்புகைப்படத்தில் கல் வளைவு இருந்ததை நேரில் கண்டேன்.' ஹாஜா கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தான்.

"ஏன் முடிச்சேன்னு எழுதலியே?"

"அதெல்லாம் வேணாம்டா."

"ஆபீசர் கேப்பாரு லா. காசு வாங்கிட்டுச் செஞ்சியா, தெரியாமச் செஞ்சியா, என்னன்னு."

அவன் சொன்னது சரிதான். நானாக இருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பேன். தேநீர் ஆறும்வரை பேனாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிறகு கடைசி வரியை எழுதினேன். 'காரணம்: மனுதாரர்மீது எனக்கு இருந்த பொறாமை.' அரசாங்கக் காகிதத்தில் அந்தச் சொல்லை நான் எழுதியது அதுவே முதல் தடவை.

ஹாஜா அதைப் படித்தான். என் கையிலிருந்து பேனாவை வாங்கி, கீழே சாட்சி என்று எழுதித் தன் முழுப் பெயரையும் போட்டான். என்னைப் பார்த்து எழுதிப் பழகியவன். அவன் எழுத்து என்னுடையதைவிட அழகாக இருந்தது.